1871-இல் பெரும்பான்மை இருந்தும் பிரெஞ்சு வலதுசாரிகளால் மன்னராட்சியை ஏன் மீட்க முடியவில்லை?

உள்பகைதான் காரணம். அந்தப் பிப்ரவரித் தேர்தலில் வென்ற மன்னராட்சி ஆதரவாளர்களுக்குள் இரண்டு பெரிய அணிகள் இருந்தன. அரச உரிமை கடவுள் தந்தது என்று நம்பி, பூர்போன் வம்சத்தின் மூத்த கிளையோடு நின்றவர்கள் லெஜிட்டிமிஸ்டுகள். நாடாளுமன்றம், வணிகம், அளவான சுதந்திரம் என்று போனவர்கள் அதே வம்சத்தின் இளைய கிளையான ஓர்லியான் கிளையின் ஆட்கள். நெப்போலியன் குடும்பத்து விசுவாசிகளும் உண்டு. ஆனால் 1870-இல் செடானில் மூன்றாம் நெப்போலியன் பிரஷ்யப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட பிறகு அவர்கள் கை தாழ்ந்துவிட்டது.

இரண்டு கிளைகளுக்கும் நடுவே பழைய ரத்தக்கறை இருந்தது. 1793-இல் மூத்த கிளையின் மன்னர் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை விதிக்க வாக்களித்தவர்களில் அவருடைய உறவினரான ஓர்லியான் கோமகனும் ஒருவர். அவர் மகன் லூயி பிலிப்தான் 1830-இல் மூத்த கிளையின் கடைசி மன்னர் பத்தாம் சார்லஸ் துரத்தப்பட்டதும் அரியணையில் உட்கார்ந்தார்.

அப்படியும் 1873 ஆகஸ்டில் சமரசம் கூடி வந்தது. லூயி பிலிப்பின் பேரனான பாரிஸ் கோமகன் ஆஸ்திரியாவுக்கே போய், சார்லஸின் பேரன் ஷாம்போர் கோமகனைக் குடும்பத் தலைவராக ஏற்றுக்கொண்டார். ஷாம்போருக்குப் பிள்ளை கிடையாது. அவருக்குப் பின் அரியணை தனக்கு வரும் என்பது இவர் கணக்கு.

சரி, எங்கே உடைந்தது? கொடியில். புரட்சிக் காலத்தில் பிறந்த மூவர்ணக் கொடியை ஏற்க மாட்டேன், முன்னோரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று அக்டோபரில் ஷாம்போர் கடிதம் எழுதிவிட்டார். இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளுவது தவறு என்பேன். அவருக்கு மூவர்ணம் என்றால் 1789 புரட்சிக்குத் தலைவணங்குவது. ஓர்லியான்காரர்களுக்கோ, அதைக் கைவிட்டால் ராணுவமும் நாடும் கையை விட்டுப் போய்விடும்.

இப்படி மன்னராட்சி கைநழுவ, 1875 ஜனவரியில் குடியரசுக்கு வழிவிட்ட சட்டத்திருத்தம் 353-க்கு 352 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது.