படுக்கைப்புண்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

முதியோர் இல்லங்களில் 19 வருடமாக நர்ஸ் வேலை. இப்போது இருக்கும் இல்லத்தில் 11 பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். ஊரை மட்டும் போட்டுக் கேளுங்கள், பேர் வேண்டாம்.

சேலம்: அம்மாவுக்கு 81 வயது, பக்கவாதம். இல்லத்தில் சேர்த்து ஒரு மாதம். வால் எலும்பு மேல் சிவந்திருக்கிறது, புண் இல்லை. ஆயா தினமும் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கிறார். சரியா சிஸ்டர்?

தேய்ப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே நசுங்கிக் கிடக்கும் சதையைத் தேய்த்தால் இன்னும் நசுங்கும். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால், தோல் கிழியாவிட்டாலும் அது முதல் நிலைப் படுக்கைப்புண்தான். மாநிறம், கறுப்பு உடம்பில் சிவப்பே தெரியாமல் போகும், கொஞ்சம் ஊதா ஓடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதனால் புறங்கையால் தொடுங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் புண் அங்கே தொடங்கிவிட்டது. இனி அந்த இடம் மெத்தையில் படவே கூடாது. முழுக்க ஒருக்களித்துப் போட்டால் பாரம் இடுப்பு எலும்பின் மேல் போய்விடும், எனவே முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வாக, இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம். ஆளைத் தரதரவென்று இழுத்து நகர்த்தாமல், அடியில் மடித்த துணி போட்டு இரண்டு பேர் தூக்க வேண்டும்.

ஈரோடு: அப்பாவுக்கு எந்தக் களிம்பு நல்லது?

புண் வராமல் தடுக்கும் களிம்பு என்று ஒன்று இல்லை. திருப்பிப் படுக்க வையுங்கள்.

திருச்சி (பிசியோதெரபி மாணவர்): இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது பழைய கணக்கு. 2013-இல் வந்த ஆய்வில் 2, 3, 4 மணி நேரத்துக்குள் வித்தியாசமே இல்லை. ராத்திரி முழுக்க எழுப்பி வயதானவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது கொடுமை இல்லையா?

நல்ல கேள்வி தம்பி. அந்த ஆய்வு எனக்குத் தெரியும். அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் 900-க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. நீங்கள் சொன்ன முடிவு சரி. ஆனால் அத்தனை பேரும் படுத்திருந்தது அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில். ஏற்கெனவே புண் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தோலைப் பார்த்து எழுதி வைத்தார்கள். நம் ஊரில் பாதிக் கட்டில்களில் கிடப்பது நடுவில் குழி விழுந்த தேங்காய் நார் மெத்தை. அதில் நாலு மணி நேரம் என்றால் என் மனசு ஒப்பாது. இரண்டு மணிக் கணக்கு சும்மா வந்ததும் இல்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் குட்மான் என்ற டாக்டர், முதுகுத்தண்டு அடிபட்டவர்களை இராப்பகலாக இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வைத்தார். அதுவரை அப்படிப்பட்டவர்கள் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துக்கொண்டிருந்தார்கள்.

திருச்சி: அப்படியானால் நல்ல மெத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூங்க விடலாமே?

மதுரை: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பாட்டி இருந்த இடத்தில் நாலு மணி என்று எழுதிப் போட்டார்கள், நடந்தது ஆறு மணி. தூக்கம் பெரிதா, புண் பெரிதா?

மதுரைக்காரர் சொல்வதை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பி சொல்வதும் தப்பில்லை. எங்கள் இல்லத்தில் நல்ல ஃபோமில் படுக்கிற, தோல் நன்றாக இருக்கிற நாலு பேரை ராத்திரி மூன்றரை, நாலு மணி நேரம் தூங்க விடுகிறோம். காலையில் தொட்டுப் பார்க்கும்போது சூடு தெரிந்தால் அன்று ராத்திரியே இரண்டு மணி நேரக் கணக்குக்குத் திரும்பிவிடுவோம். மெத்தையையும் அவர் தோலையும் பார்த்துத்தான் மணி வைக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே மணி கிடையாது.

நாகர்கோவில்: காற்று ரிங் வாங்கி உட்கார வைத்திருக்கிறோம்.

எடுத்துவிடுங்கள். ரிங் சுற்றிலும் அழுத்தி நடுவில் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எத்தனை முறை சொன்னாலும் வீட்டுக்கு வீடு இதுதான் இருக்கிறது.

தஞ்சாவூர்: சர்க்கரை உள்ள அத்தைக்குக் கால் மரத்துப்போய்விட்டது. குதிகாலுக்கு என்ன செய்வது?

இதை நிதானமாகப் படியுங்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில், குளிர்காலத்தில் ஒரு பாட்டிக்குக் கம்பளி சாக்ஸ் மாட்டிவிட்டோம். கதகதப்பாக இருக்கட்டும் என்று மூன்று நாள் யாரும் கழற்றவில்லை. நானும்தான். நாலாம் நாள் கழற்றினேன். குதிகால் நாவல்பழ நிறத்தில், தொட்டால் உள்ளே தண்ணீர் ஆடுகிற மாதிரி இருந்தது. பாட்டி வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவருக்கு அங்கே உணர்ச்சியே இல்லை. அது ஆற ஐந்து மாதம் ஆனது. சாக்ஸைத் தினமும் இரண்டு வேளை கழற்றிப் பாருங்கள். கெண்டைக்கால் முழுநீளத்துக்கும் தலையணை கொடுத்து, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு காகிதம் அடியில் தடையில்லாமல் போய் வந்தால் சரி.

வேலூர்: தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர்… எதைத் தடவலாம்?

ஈரோட்டுக்குச் சொன்னதைப் பாருங்கள். பவுடர் வியர்வையில் கட்டிகட்டியாகி உறுத்தும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

கோவை: ஏர் பெட் வாங்கிவிட்டோம். இனித் திருப்ப வேண்டாம் அல்லவா?

வேண்டும். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, அவர் இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்றுப் போதவில்லை. மேலே ரப்பர் ஷீட், போர்வை, டயப்பர் என்று அடுக்கினால் ஏர் பெட் போட்டும் பயனில்லை. தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் தூக்கினால் உடம்பு சறுக்கும், தோல் ஒட்டி நிற்கும், உள்ளே சதை கிழியும். டியூபில் சாப்பாடு கொடுப்பவர்களுக்குத் தூக்கித்தான் ஆக வேண்டும், அப்போது முதலில் முழங்காலை மடக்கித் தலையணை கொடுத்துவிடுங்கள்.

சென்னை: கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார்.

கஞ்சி போதாது. 50 கிலோ எடைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். முட்டை, பருப்பு, தயிர் என்று பிரித்துக் கொடுங்கள். கிட்னி பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு.

விழுப்புரம்: புண் கறுத்து நாற்றம் வருகிறது, காய்ச்சல். என்ன மருந்து போடலாம்?

இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கரூர்: எந்த ஆயின்மென்ட்…

மூன்றாவது முறை. திருப்புங்கள்.

திருநெல்வேலி: அடுத்த வாரம் அம்மாவை இல்லத்தில் சேர்க்கிறோம். எதைப் பார்த்துச் சேர்ப்பது?

ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். படுத்தே இருப்பவர்களைத் திருப்பிய சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். 10, 12, 2, 4 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பியிருந்தால் வேறு இடம் பாருங்கள். சேர்த்த பிறகு நீங்கள் போகும்போதெல்லாம் அம்மாவின் போர்வையை விலக்கி, குதிகாலையும் வால் எலும்பையும் நீங்களே தொட்டுப் பாருங்கள்.