கடலோர ஏரியில் பிஎச்.டி.: உதவித்தொகைக்கு முன் தேட வேண்டியது

கேள்வி: பொன்னேரிக்கு அருகில் வசிக்கிறேன். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் 68 சதவீதம் வாங்கியிருக்கிறேன். ஓராண்டாகத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பழவேற்காடு போன்ற ஏரிகளில் பிஎச்.டி. செய்ய ஆசை. தம்பி படிக்கிறான், வீட்டில் பணம் கேட்க முடியாது. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதியே ஆக வேண்டுமா? வெளிநாட்டுக்கு முயற்சி செய்யலாமா? எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக எட்டு மாதம் எடுத்த உப்புத்தன்மை அளவுகள் கையில் இருக்கின்றன. அவை எதற்காவது உதவுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உதவும், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே உதவும். பலர் உதவித்தொகைகளின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். கடலோர ஆய்வில் பணம் பெரும்பாலும் ஒரு கேள்வியைத் துரத்தும் குழுவுக்குத்தான் வருகிறது. கேள்வியோடு போனால் வழிகாட்டி காது கொடுப்பார். அவர் காது கொடுத்துவிட்டால் பணத்துக்கும் சேர்ந்து யோசிப்பார்.

அந்த எட்டு மாத அளவுகளைக் கோடாகப் போட்டுப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது கோடு இறங்கும், கோடையில் ஏறும். இது எல்லோருக்கும் தெரிந்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கடல்நீர் வரத்து குறைந்த வாரங்களில் கோடு என்ன செய்தது? கடல்நீரின் அளவான ஆயிரத்துக்கு 35ஐத் தாண்டியதா? எந்த இடத்தில் முதலில் தாண்டியது? அதே வாரங்களில் இறால் எப்படிப் பட்டது என்று, மீன்பிடி இடங்களை முறை வைத்துப் ‘பாடு’ பிரித்துக்கொள்ளும் மீனவர்களிடம் கேட்டீர்களா? இதற்கெல்லாம் பதில் தேட ஆரம்பித்தால் ஆய்வுக் கேள்வி தானாகக் கிடைத்துவிடும்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒடிசாவின் சிலிகா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரம் தூர்ந்து, உப்புத்தன்மை குறைந்து, களைகள் மண்டி, 1993ல் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உலக ஒப்பந்தத்தின் ஆபத்துப் பட்டியலில் அது சேர்ந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். கடல்நீர் உள்ளே வந்தது, மீன்வளம் திரும்பியது. 2002ல் ஏரி அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்க நீரோட்டம், மண்படிவு, உப்பு என்று ஒவ்வொன்றையும் யாரோ படகில் போய் அளந்திருக்க வேண்டும். நீங்கள் எடுத்து வைத்திருப்பதும் அந்த வகை அளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். நெட் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் எழுதுங்கள். உங்கள் பட்டத்துக்கு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று தனித்தாளே இருக்கிறது. பலர் சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) நெட்டின் உயிரியல் தாளோடு மட்டும் மல்லுக்கட்டி ஆண்டுகளை விடுகிறார்கள். கடல், வளிமண்டலம், புவியியல் பக்கம் அடித்தளம் இருந்தால் சிஎஸ்ஐஆரின் புவி அறிவியல் தாளும் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நெட்டில் தகுதி பெறுவது வேறு, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைப்பது வேறு. 2024 முதல் யூஜிசி நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகைக்குத்தான் ஜேஆர்எஃப் பணம். மற்ற இரண்டும் பிஎச்.டி. சேர்க்கைக்கு உதவும், அங்கே நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. பணம் அதோடு வராது.

ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023ல் உயர்த்திய விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு மதிப்பீடு முடிந்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பொன்னேரியிலிருந்து சென்னைக்கு வந்து தங்கி, மாதம் இரண்டு முறை படகு வாடகை கொடுத்து மாதிரி எடுத்தாலும் சமாளிக்கலாம். ஆனால் பணம் மாதா மாதம் முதல் தேதிக்கு வந்துவிடாது. எனக்கு முதல் தவணை வர ஏழு மாதம் ஆனது. அதுவரை ட்யூஷன் எடுத்து ஓட்டினேன். இப்போதைய வேலையிலிருந்து அரை ஆண்டுச் செலவையாவது ஒதுக்கிவிட்டுச் சேருங்கள்.

நெட் கைகூடாவிட்டால் இரண்டாவது வழி, ஆய்வுத்திட்டத்தில் பணியாளராகச் சேர்வது. தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கின்றன. நிலையான கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், கோவாவில் தேசிய கடலாய்வு நிறுவனம். இத்தகைய இடங்கள் திட்டப் பணியிடங்களை அவ்வப்போது அறிவிக்கும். நெட் இல்லாதவர்களுக்குச் சம்பளம் கொஞ்சம் குறையும், ஆனால் அனுபவம் முழுசாகக் கிடைக்கும். சேரும் முன் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். திட்டம் முடிய இன்னும் எத்தனை மாதம்? இந்தப் பணியில் இருந்துகொண்டே பிஎச்.டி. பதிவு செய்யலாமா? மூன்று ஆண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் சேர்ந்து, பணம் நின்ற பிறகு பாதி ஆய்வேட்டோடு தவிப்பவர்கள் நிறைய. யூஜிசி விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பு உண்டு. நீட்டிப்பு காலத்துக்கு உதவித்தொகையும் சேர்ந்து நீளும் என்று கணக்குப் போடாதீர்கள்.

வெளிநாடு? முயற்சி செய்யுங்கள். ஐரோப்பாவில் பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிப்பீர்கள், சம்பளம் தருவார்கள். நெதர்லாந்தின் கடலாய்வு நிறுவனமான நியோஸ், வெப்பமண்டலக் கடற்கரைகளுக்கென்றே இருக்கும் ஜெர்மனியின் பிரேமன் ஆய்வு மையம், ஏரிகளுக்கு சுவிட்சர்லாந்தின் ஏவாக் ஆகியவற்றின் வேலைவாய்ப்புப் பக்கத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். ஜெர்மன் விளம்பரத்தில் 65 சதவீதப் பணி என்று இருந்தால் பயப்பட வேண்டாம். சம்பளம்தான் அந்த விகிதத்தில், அதிலும் ஒருவர் வாழ முடியும்.

அமெரிக்காவில் முறை வேறு. கல்விக் கட்டணத் தள்ளுபடியோடு ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பணி தருவார்கள். பல துறைகளில் டிசம்பரில் விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேராசிரியர்களுக்கு எழுத வேண்டும். விஸ்கான்சின் மேடிசனில் மெண்டோட்டா ஏரிக் கரையிலேயே ஏரியியல் மையம் இருக்கிறது. ஈரி ஏரியில் 2014 ஆகஸ்டில் பாசி நஞ்சு பரவி, டொலிடோ நகரில் சுமார் நான்கு லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. இப்படி ஊரே பாதிக்கப்படும் பிரச்சினைகளைத் தொட்டு நிற்கும் ஆய்வுகளுக்குப் பணம் எளிதாக வருகிறது. பழவேற்காடும் அப்படிப்பட்ட ஊர்தான். கட்டணத் தள்ளுபடியோ சம்பளமோ இல்லாமல் சேர்க்கைக் கடிதம் மட்டும் வந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடன் வாங்கி பிஎச்.டி. செய்யாதீர்கள்.

பேராசிரியர்களுக்கு எழுதும் கடிதத்தில்தான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உலகப் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர மிகவும் ஆர்வமாக உள்ளேன்’ என்று தொடங்கும் கடிதம் ஒரே நாளில் அவருக்குப் பத்து வரும். நீங்கள் இப்படி எழுதுங்கள்: ‘பழவேற்காட்டில் ஆறு இடங்களில், எட்டு மாதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை உப்புத்தன்மை அளந்திருக்கிறேன். முகத்துவாரம் அடைபட்ட மூன்று வாரங்களில் வடக்குப் பக்கம் மட்டும் சட்டென்று ஏறியது. உங்கள் கட்டுரையில் காட்டிய நீர்ப் பரிமாற்றக் கணித மாதிரி இதை விளக்குமா என்று பார்க்க விரும்புகிறேன்.’ எண்களை உங்கள் குறிப்பேட்டில் உள்ளபடியே போடுங்கள், ஒன்றுகூடக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அடியில் அந்த ஒரு வரைபடம். அரைப் பக்கம் போதும். இரண்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பதில் வந்து பேச்சு நல்லபடியாகப் போனால், அந்த ஆய்வகத்தில் இப்போது படிக்கும் ஒருவரோடு பேசிப் பாருங்கள், நீங்கள் பெண் என்றால் முடிந்தவரை ஒரு பெண்ணோடு. மாதிரி எடுக்க விடியற்காலையில் படகில் போகும்போது துணைக்கு யார் வருவார்கள், உதவித்தொகை எத்தனை மாதம் தள்ளி வருகிறது, கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டு ஆனது என்று கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னால் சேரலாம்.