பாதியில் நின்ற ஈஆர்பி: ஆறு மாத சிஓஓ கைகொடுப்பாரா?

தொழில் கேள்வி – பதில்

கேள்வி: கோவையில் நீர்மூழ்கி பம்ப் தயாரிக்கிறோம். ஈஆர்பி (எல்லாத் துறைக் கணக்கையும் ஒன்றாக இணைக்கும் சாஃப்ட்வேர்) வேலை நடக்கும்போதே ஆபரேஷன்ஸ் தலைவர் விலகிவிட்டார். பர்ச்சேஸ் மட்டும் சாஃப்ட்வேரில் ஓடுகிறது. ஸ்டோர்ஸும் புரொடக்‌ஷனும் இன்னும் எக்செல்லில்தான். ஸ்டாக் ஏறிக்கொண்டே போகிறது, டிஸ்பேட்சும் தாமதம். ஆறு மாதத்துக்கு ‘இன்டெரிம் சிஓஓ’ (தற்காலிகத் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி) வைக்கச் சொல்கிறார் ஆடிட்டர். ஏற்கெனவே ஓர் ஆலோசகருக்குப் பணம் கொடுத்தாயிற்று. இவர் புதிதாக என்ன செய்துவிடுவார்?

பதில்: ஆலோசகர் அறிக்கை தருவார், முடிவு உங்கள் தலையில். இன்டெரிம் சிஓஓ முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர். அவசர ஆர்டர் ஒன்று வந்தால் இந்த வார பிளானை உடைக்கலாமா, கூடாதா என்று சொல்ல உங்களிடம் இப்போது ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு துறையும் தன் பாதுகாப்புக்குக் கூடுதலாக வாங்கி அடுக்குகிறது. தேவையில்லாத பாகம் குவிகிறது, தேவையானது வரவில்லை.

பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், புரொடக்‌ஷன், சேல்ஸ் நான்கும் அவருக்கே ரிப்போர்ட் செய்ய வேண்டும். எவ்வளவு தொகை வரை பர்ச்சேஸ் ஆர்டர் போடலாம், ஓவர்டைம் யார் அனுமதிப்பது, சாஃப்ட்வேர் கம்பெனியின் பில்லை நிறுத்தும் உரிமை உண்டா என்பதையெல்லாம் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். முதலாளி குடும்பத்தில் யாரும் ஸ்டோர்ஸுக்கு நேராகப் போன் போட்டு மெட்டீரியல் எடுக்கச் சொல்லக் கூடாது. இதற்கெல்லாம் மனமில்லை என்றால் ஆள் எடுக்காதீர்கள், பணம்தான் வீணாகும்.

கேள்வி: வந்தவர் முதலில் எதில் கைவைக்க வேண்டும்?

பதில்: ஸ்டாக் கணக்கில். ஒரு பம்புக்கு 20 பாகம் என்று வையுங்கள். ஒவ்வொரு பாகத்தின் கணக்கும் 90 சதவீதம் சரி என்றால், இருபதும் ஒருசேரச் சரியாக இருக்கும் வாய்ப்பு 12 சதவீதம்தான். 98 சதவீதத்துக்கு உயர்த்தினால் அது 67 ஆகிறது. கணக்கு தவறாக இருக்கும்வரை எந்த சாஃப்ட்வேர் போடும் பிளானும் ஷாப்புக்கு வந்ததும் உடையும். ஆட்கள் எக்செல்லுக்கே திரும்புவார்கள். ஸ்டாக் 95 சதவீதம், ஒவ்வொரு மாடலுக்குமான பாகப் பட்டியல் 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்பது எம்ஆர்பி (உற்பத்திக்கான பாகத் தேவையைத் திட்டமிடும் முறை) துறையின் பழைய அளவுகோல். அதற்குக் கீழே இருந்துகொண்டு சாஃப்ட்வேரின் அடுத்த பகுதியை (மாட்யூல்) திறக்கக் கூடாது.

ஆண்டுக்கொரு முறை கதவடைத்து எண்ணுவது இதற்கு உதவாது. ஸ்டேட்டர், ஷாஃப்ட், இம்பெல்லர், த்ரஸ்ட் பேரிங், வைண்டிங் வயர் என்று விலையும் ஓட்டமும் அதிகமுள்ள 100 பாகங்களை எடுத்துக்கொண்டு தினம் பத்து எண்ணுங்கள். வித்தியாசம் வந்தால் எண்ணிக்கையைத் திருத்திவிட்டு நகராமல், காரணத்தை அன்றே தேட வேண்டும். வயரைக் கிலோவில் வாங்கிச் சுருள் கணக்கில் வழங்கியிருப்பார்கள். உடைந்த காஸ்டிங்கை ஸ்கிராப்பில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். சலானில் வெளிப் பட்டறைக்கு மெஷினிங்குக்குப் போன பம்ப் பாடி திரும்பி வந்திருக்காது. இந்தக் கடைசி விஷயத்தில் வரியும் சேர்ந்துகொள்கிறது: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், தவறினால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கொண்டு ஜிஎஸ்டியும் வட்டியும் கேட்பார்கள். சிஓஓ ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு நேரில் போய் எண்ணுவது நல்லது.

புதிய முறைக்கு மாறும் தேதி கோடை சீசனுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999 ஏப்ரலில் புதிய சாஃப்ட்வேருக்கு மாறத் திட்டமிட்டு, அது ஜூலைக்குத் தள்ளிப்போயும் நிறுத்தாமல் மாறியது. மிட்டாய் அதிகம் விற்கும் அக்டோபர் இறுதிப் பண்டிகையான ஹாலோவீனுக்கு ஆர்டர்கள் குவிகிற நேரம் அது. சரக்கு கையில் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை.

கேள்வி: சம்பளம், ஒப்பந்தம் எப்படி?

பதில்: மாதக் கட்டணமாகப் பேசுங்கள். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் 18 சதவீதம் சேரும். போனஸை ஸ்டாக் குறைப்போடு மட்டும் கட்டவே கூடாது. வாங்குவதை நிறுத்திக் கணக்குக் காட்டிவிட்டுப் போய்விடலாம், சீசனில் அகப்படுவது நீங்கள். சொன்ன தேதியில் முழு ஆர்டரும் போனதா என்பதையும் சேர்த்துக் கட்டுங்கள். ரொக்கக் கையிருப்பும் அளவுகோலாக வேண்டாம், சப்ளையர் பில்கள் தள்ளிப்போகும். குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் போயாக வேண்டும்.

முதல் மாதத்திலேயே உங்கள் ஆட்களில் ஒருவரை, சிஓஓ போன பின் பொறுப்பேற்பவராக அறிவியுங்கள். ஷாப்பில் காலை நடக்கும் 15 நிமிட மீட்டிங்கை நான்காம் மாதத்திலிருந்து அவரே நடத்தட்டும். கடைசி மாதம் சிஓஓ வாரம் இரண்டு நாள் வந்தால் போதும்.

கேள்வி: எல்லாவற்றையும் கைவிட்டுப் பழைய முறைக்கே போய்விடலாமா?

பதில்: அதுவும் நியாயமான முடிவாக இருக்கலாம். ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஏழு ஆண்டு உழைப்பையும், செய்திகளின்படி சுமார் 50 கோடி யூரோவையும் விட்டுவிட்டு 2018-ல் எஸ்ஏபி கம்பெனியின் சாஃப்ட்வேர் திட்டத்தை நிறுத்தியது. அந்த சாஃப்ட்வேர் சரக்கை விற்பனை விலையில் மதிப்பிடும். லிடில் கொள்முதல் விலையில் மதிப்பிடும். தன் வழக்கத்துக்காக சாஃப்ட்வேரை வளைத்ததில் செலவும் சிக்கலும் ஏறின. உங்கள் வழக்கத்துக்காகக் கேட்ட மாற்றங்களைப் பட்டியலிட்டு, எதை விடலாம், எதை விடவே முடியாது என்று 30 நாளில் எழுதித் தரச் சிஓஓவிடம் சொல்லுங்கள். விட முடியாதவை நான்கைந்து என்றால் தொடரலாம். பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வது லாபம்.