பாரிசவாதத்துக்குப் பிறகு கால்: ஊசியும் பயிற்சியும்

கொழும்பில் உள்ள இயன்மருத்துவர் ஒருவரிடம் கேட்டவை

அப்பாவுக்கு 63 வயது. பாரிசவாதம் வந்து 2 மாதம். இடது பாதம் தரையில் இழுபடுகிறது. அக்குபங்சர் மட்டும் போதும் என்கிறார், பயிற்சி என்றாலே கோபம். (வெள்ளவத்தை)

போதாது. நோவையும் விறைப்பையும் ஊசி கொஞ்சம் இளக்கலாம். ஆனால் தசைக்குப் பலம் வருவதும், மூளை அந்தக் காலைத் திரும்பப் பழகுவதும் பாரத்தாலும் திரும்பத் திரும்பச் செய்வதாலும்தான். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளிக் குத்துவார்களே, சூசன்லி என்ற புள்ளி, அது பாதத்தைத் தூக்கும் தசையின் மேலேயே இருக்கிறது. ஊசியில் மின்சாரம் கொடுத்தால் தசை துடிக்கும். அப்பா அதைப் பார்த்துத்தான் நம்புகிறார் போல. துடிப்பது மின்சாரத்தால், நடக்க வேண்டுமென்றால் அவரே பாதத்தைத் தூக்க வேண்டும்.

ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. அது முடிந்து கால் இலகுவாக இருக்கும் நேரத்தில் பயிற்சியை வையுங்கள். உயரமான கதிரையிலிருந்து, முடிந்தால் கை ஊன்றாமல், எழுந்து, திரும்ப உட்காரட்டும். 10 முதல் 15 தரம். கடைசி இரண்டு மூன்று தரம் கஷ்டமாக இருந்தால்தான் அது பலப் பயிற்சி. சுகமாக வந்துவிட்டால் பதிந்த கதிரைக்கு மாறுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், கிழமைக்கு 2, 3 நாள். இரண்டுக்கும் காசு போதாவிட்டால் பயிற்சிக்கே கொடுங்கள். அரச வைத்தியசாலையில் அது இலவசம். றாகமையில் புனர்வாழ்வுக்கென்றே ஒரு வைத்தியசாலை இருக்கிறது.

அப்புறம், அந்தக் கோபம். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள்.

பாரம் தூக்கினால் கால் இன்னும் விறைக்கும் என்கிறார்களே? (கொட்டாஞ்சேனை)

பழைய பயம். எங்கள் துறையிலேயே ஒரு காலத்தில் அப்படித்தான் படிப்பித்தார்கள். பலப் பயிற்சி விறைப்பைக் கூட்டுவதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. மூச்சை அடக்கித்தான் தூக்கக் கூடாது, பிரஷர் ஏறும். சத்தமாக எண்ணச் சொல்லுங்கள்.

அம்மா வோபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) குடிக்கிறா. ஊசி குத்தலாமா? (மட்டக்குளி)

டொக்டரிடம் கேட்டு, கடைசி ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். ஆழமாகக் குத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதிய ஊசிப் பக்கற்றை உங்கள் கண் முன்னே உடைக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் சூடு வைக்க விடாதீர்கள், வெந்தாலும் தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுடுகிறதா? ஊசியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அண்ணா நேற்றுத்தான் வாட்டில் சேர்ந்தார். இன்றே நடக்க வைக்கலாமா? (தெஹிவளை)

நீங்களாக வேண்டாம். முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தவர்களுக்கு 3 மாதத்தில் பலன் குறைவாகவே இருந்தது என்று 2015இல் வெளிவந்த அவெர்ட் ஆய்வு சொன்னது. வாட்டில் உள்ள பிசியோ சொல்வதுபோல் செய்யுங்கள்.

2 வருடம் ஆகிவிட்டது. பிந்திவிட்டோமா? (பம்பலப்பிட்டி)

இல்லை. முதல் 3 மாதத்தில் முன்னேற்றம் வேகம், அவ்வளவுதான். பிறகும் பலம் கூடும், நடை தேறும்.

நாங்கள் மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுதானால்? (வெள்ளவத்தை)

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். கைப்பிடியை நல்ல கையால் பிடிக்கட்டும். துணைக்கு வருபவர் எப்போதும் ஒரு படி கீழே, பலவீனமான பக்கத்தில்.