2002 அக்கார்டா? முதலில் வண்டியை நிறுத்துங்கள்

ஹூஸ்டனில் பழைய 2002 ஹோண்டா அக்கார்டு வாங்கியிருக்கிறீர்கள், ஏர்பேக்கில் குறை, இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று ரீகால் கடிதம் வந்திருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் நண்பரே, இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். அது டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனம் செய்த ஏர்பேக். பையை ஊத வைக்க உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள் வருடக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டுக் கெட்டுப்போகும். அப்புறம் சின்ன மோதலிலேயே இன்ஃப்ளேட்டர் (பையை ஊதும் உலோகக் குப்பி) வெடித்து, உலோகத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயலாம். 2001–2003 ஹோண்டாக்கள் சிலவற்றில் மோதலில் ஏர்பேக் விரியும்போது அப்படி வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை என்று அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறையே எச்சரித்தது. ஹூஸ்டன் புழுக்கம் வேறு!

ஓட்டுநர் பக்கம், முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் 17 இலக்க வின் எண் (வண்டியின் அடையாள எண்) இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு ஹோண்டா டீலருக்கு போன் போடுங்கள். மாற்றித் தருவது இலவசம். வண்டியையும் அவர்களே வந்து இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

"ஜப்பான் வண்டி வாங்கியது தப்பா?" என்றீர்களே, அந்த வின் எண் 1 என்று தொடங்கினால் வண்டி அமெரிக்காவிலேயே செய்தது. 1982 முதல் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் ஹோண்டா கார் செய்கிறது. டகாட்டா விவகாரத்தில் அமெரிக்க நிறுவனங்களான ஃபோர்டும் ஜிஎம்மும்கூடத்தான் மாட்டின.