இத்தாலியோட சிசிலித் தீவுல ஊர் சுத்த காரா, பஸ்ஸா, கப்பலா? உங்க கேள்விகளுக்குப் பதில்

ரோம்லேருந்து பலெர்மோவுக்கு டிரெயின் இருக்காமே, நடுவுல கடல் வருதே, இறங்கி மாறணுமா?

நேர் டிரெயின்னா இறங்கவே வேண்டாம். இத்தாலிக் கரையில இருக்கிற வில்லா சான் ஜொவான்னில பெட்டிகளைத் துண்டு துண்டா பிரிச்சு அப்படியே கப்பலுக்குள்ள தள்ளிடுவாங்க, கப்பலுக்குள்ளயே தண்டவாளம் இருக்கு, அந்தப் பக்கம் சிசிலிக் கரையில மெசினால வெளிய இழுத்து மறுபடி கோத்துடுவாங்க. ஜலசந்தியோட ஒடுக்கமான இடம் சுமார் 3 கிலோமீட்டர்தான், ஆனா இந்த பிரிக்கிற சேர்க்கிற வேலையிலயே நேரம் போயிடும். நீங்க பாட்டுக்கு மேல டெக்குக்குப் போய் காத்து வாங்கிட்டு ஒரு அரன்சினி சாப்பிடுங்க (சோத்தை உருட்டிப் பொரிச்சது, சூப்பரா இருக்கும்). அவசரம்னா ஃபிளைட், ஒரு மணி நேரம் சொச்சம்தான். பாலம் கட்டப்போறோம்னு பல வருஷமா சொல்லிட்டேதான் இருக்காங்க, அதுக்கு முன்னாடி ஒருதடவை இதுல போயிடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

கார் வாடகைக்கு எடுத்தா நல்லதா? நம்ம லைசென்ஸ் செல்லுமா?

இந்திய லைசென்ஸோட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வேணும், ஊர்லயே வாங்கிட்டுப் போயிடுங்க. ஆனா பலெர்மோ, கட்டானியாவுக்குள்ள சுத்த மட்டும் கார் எடுக்காதீங்க, பழைய ஊர் பகுதி நிறைய இடத்துல இசட்.டி.எல்.னு போர்டு இருக்கும் (வண்டிக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதின்னு அர்த்தம்), பெர்மிட் இல்லாம உள்ள போனா கேமரா நம்பர் பிளேட்டைப் புடிச்சிடும், நீங்க ஊர் திரும்பி எல்லாம் மறந்தப்புறம் ஃபைன் வீடு தேடி வரும், அதுக்கு மேல கார் கம்பெனியும் தனியா ஒரு சார்ஜ் போடும். பார்க்கிங்ல வெள்ளைக் கோடு ஃப்ரீ, நீலம் காசு, மஞ்சள்ல நிறுத்தவே கூடாது. செஜெஸ்தாவுல இருக்கிற பழங்கால கிரேக்கக் கோயில், மலை கிராமங்கள் இதுக்கெல்லாம் கார் வேணும்தான். சிட்டியை விட்டுக் கிளம்புற அன்னிக்கு எடுத்துக்கோங்க.

பலெர்மோ டு கட்டானியா?

பஸ். யோசிக்கவே வேண்டாம், மூணு மணி நேரத்துக்குள்ள விட்டுடுவான், டிரெயினை விட சர்வீஸும் அதிகம்.

எட்னா எரிமலை வெடிச்சா ஃபிளைட் கேன்சலாகுமா?

எரிமலைன்னா அப்பப்ப புகையத்தான் செய்யும், அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். சாம்பல் அதிகமா கிளம்பினாதான் சிக்கல், இன்ஜினுக்கு ஆகாதுன்னு கட்டானியா ஏர்போர்ட்டை மூடிடுவாங்க, இல்ல ஃபிளைட்டைக் குறைப்பாங்க. அப்ப கோமிசோ, பலெர்மோ, டிராபானின்னு எங்கயாவது இறக்கி விடுவாங்க. அதனால கட்டானியாலேருந்து ஊருக்குக் கிளம்புறவங்க ரோம்லயோ மிலான்லயோ கனெக்ஷனை ரொம்ப நெருக்கமா வச்சுக்காதீங்க, அதுவும் தனித்தனி டிக்கெட்னா ஒரு ராத்திரி இடைவெளி விடுங்க.

லிபாரி, ஸ்ட்ரோம்போலி தீவுக்கெல்லாம் எங்கேருந்து படகு?

மிலாட்சோ துறைமுகம். லிபாரிக்கு ஹைட்ரோஃபாயில்ல (தண்ணிக்கு மேல எழும்பி வேகமாப் போற படகு) சுமார் ஒரு மணி நேரம், பெரிய கப்பல்னா ரெண்டு மணி நேரம் ஆகும். கடல் கொந்தளிச்சா முதல்ல நிக்கிறது ஹைட்ரோஃபாயில்தான், பெரிய கப்பல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ரொம்ப மோசமானா அதுவும் நின்னுடும். குளிர்காலத்துல போறவங்க தீவுலேருந்து திரும்புற அன்னிக்கே ஃபிளைட் வைக்காதீங்க.