ஒருத்தர் தட்டைப்பாதம்ங்கிறார், இன்னொருத்தர் நார்மல்ங்கிறார், யார நம்புறது?

கேள்வி: காலையில ஓட ஆரம்பிச்சிருக்கேன், வலி எதுவும் இல்ல. ஒரு பிசியோ பாதத்த பாத்து ஸ்கோர் 7, தட்டைப்பாதம்னு சொன்னார், அடுத்த வாரம் வேற ஒருத்தர் 4, நார்மல்னு சொல்றார். ஷூ கடை மிஷின்ல மிதிச்சா தட்டைனு வருது. இன்சோல் வாங்கணுமா?

பதில்: வேணாங்க, இப்போதைக்கு வாங்காதீங்க.

அவங்க போட்டது ஃபுட் போஸ்சர் இண்டெக்ஸா இருக்கும், 2006ல வந்த ஆறு அம்ச முறை. நீங்க இயல்பா நிக்கும்போது குதிகால் எந்தப் பக்கம் சாயுது, உள்வளைவு எவ்ளோ இறங்கியிருக்கு, முன்பாதம் வெளிய திரும்புதா இப்படி ஆறு விஷயம் பாத்து, ஒவ்வொண்ணுக்கும் மைனஸ் 2ல இருந்து பிளஸ் 2 வரைக்கும் மார்க் போடுவாங்க. கூட்டினா 0ல இருந்து 5 வரை நார்மல், 6ல இருந்து 9 வரை உள்பக்கம் சாயுற பாதம் (முதல் ஆளு தட்டைன்னது இதத்தான்), 10ம் அதுக்கு மேலயும்னா ரொம்பவே சாயுது. எல்லாமே கண்ணாலயும் கையாலயும் பாத்து போடுற மார்க்குதான், அதனால மூணு அம்சத்துல தலா ஒரு மார்க் மாறினாலே 7ங்கிறது 4 ஆயிடும், கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டா பேரே மாறிடுது. ஒரே ஆளு ரெண்டு தடவ பாத்தா ஓரளவு ஒத்துப்போகும், ஆளு மாறினாதான் இந்தத் தொல்ல. இன்னொண்ணு, பெரியவங்களோட சராசரியே 4 கிட்டதான், 0தான் உத்தமமான பாதம்னு நினைச்சுக்காதீங்க.

சிலர் நாவிகுலர் டிராப் எடுப்பாங்க, உள்வளைவு எலும்புல பேனாவால புள்ளி வச்சு, உக்காந்தப்போ இருந்த உயரத்துல இருந்து நின்னா எத்தன மில்லிமீட்டர் இறங்குதுன்னு. 10க்கு மேல போனா அதிகம்பாங்க. ஆனா புள்ளி கொஞ்சம் தள்ளி வச்சாலே கணக்கு மாறும், உக்காரும்போது பாதத்த நியூட்ரல்ல, அதாவது உள்ளயும் வெளியயும் சாயாத நடு நிலையில பிடிக்கிறதுலதான் ஆளுக்கு ஆளு பெரிய வித்தியாசமே வருது, அனுபவம் கம்மினா கேக்கவே வேணாம்.

கடை மிஷின பத்தி என்னத்த சொல்ல, அது பாக்குறது தரையில பதியிற தோலையும் சதையையும், உள்ள எலும்பு எப்படி நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது, பக்கத்துலயே இன்சோல் அடுக்கி வச்சிருப்பாங்க பாத்தீங்களா.

வீட்டுலயே ஒண்ணு பாருங்க. சுவத்த பிடிச்சுட்டு குதிகால தூக்கி நில்லுங்க, பின்னாடி யாரையாவது போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. வளைவு எழும்பி குதிகால் உள்பக்கம் திரும்பினா அது வளையிற பாதம், வலியும் இல்லைனா தாராளமா ஓடலாம். மறுபடி அளக்கணும்னா அதே ஆள்கிட்டயே போங்க, மொத்தம் மட்டும் இல்லாம ஆறு மார்க்கையும் தனித்தனியா எழுதி வாங்கிக்கோங்க.

குதிகால தூக்கியும் வளைவு வரலைனாலோ, ஒரு கால் மட்டும் புதுசா தட்டையானாலோ, கணுக்கால் உள்பக்கம் வலியோ வீக்கமோ வந்தாலோ ஸ்கோர் என்ன சொன்னாலும் சரி, எலும்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.